தேசிங்கு, குகேஷ், அப்புறம் என் பேத்தி

போன மாதம் விளையாட்டுப் போட்டிக்குப் போய்விட்டு வந்த என் பேத்தி, ஸ்பைக்ஸ் ஷூவைக் கழற்றித் திண்ணைக்கு அடியில் எறிந்துவிட்டு, "இனிமே நான் ஓடல தாத்தா" என்றாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 800 மீட்டர் ஓட்டம் அவளுடையது. முதல் சுற்றில் எல்லாருக்கும் முன்னால் இருந்திருக்கிறாள். இரண்டாவது சுற்றின் கடைசி வளைவில் நான்கு பேர் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். "உனக்கு மனசுல உறுதி இல்லம்மா" என்று யாரோ பெரியவர் ஒருவர் ஆறுதலாகச் சொன்னாராம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நான் 33 வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன். இந்த மாதிரி நேரத்தில் சொல்ல என்னிடம் ஒரு வசனம் எப்போதும் தயாராக இருக்கும். "தேசிங்கு ராஜா ஆண்ட மண்ணுல இருந்துகிட்டு..." என்று ஆரம்பிக்கும். அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். ஏன் விழுங்கினேன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1986 என்று நினைவு. அப்போது விழுப்புரம் மாவட்டம் கிடையாது, எல்லாம் தென்னாற்காடு. மாவட்டப் போட்டி கடலூரில். என்னிடம் ஒரு பையன் இருந்தான், 1500 மீட்டர் ஓடுவான். காலையில் சிங்கவரம் மலைக்கோயில் படிக்கட்டில் அவனை ஏறி இறங்க வைப்பேன். பெருமாளைக் கும்பிட வருகிறவர்கள், "பாவம் சார் புள்ள, மூச்சு வாங்குது பாருங்க" என்பார்கள். நான் விசில் ஊதுவேன். போட்டிக்கு முன்னால் அவன் தோளில் கைபோட்டு, "ஆரம்பத்துலேயே பாஞ்சுடு. திரும்பிப் பாக்காதே. தேசிங்கு மாதிரி" என்று சொல்லி அனுப்பினேன். அவனும் அப்படியே பாய்ந்தான். மூன்றாவது சுற்று வரைக்கும் முதலில் இருந்தவன் நான்காவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் வாந்தி எடுத்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படி அவனைக் கோழை என்று சொன்னேன். அதைவிட மோசமாகவும் ஒன்றிரண்டு சொன்னேன். அப்படிச் சொன்னால் பையனுக்கு ரோஷம் வரும், அடுத்த முறை ஜெயிப்பான் என்று உண்மையாகவே நம்பினேன். என் காலத்து வாத்தியார்கள் பலரும் அப்படித்தான் நம்பினோம். அந்தப் பையன் மறுநாளிலிருந்து மைதானத்துப் பக்கமே வரவில்லை.

அவனுடைய கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் தேசிங்கு.

நம் ஊர்க்காரர்களுக்குத் தேசிங்கு கதையைச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். ஆனாலும் கதைப்பாட்டில் வருவதையும் சரித்திரத்தில் இருப்பதையும் கொஞ்சம் பிரித்து வைத்துப் பார்க்க வேண்டும். அவன் பெயர் தேஜ் சிங். புந்தேல ராஜபுத்திரன். அப்பா சரூப் சிங், ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக்குக் கோட்டைத் தலைவராக வந்தவர், 1714இல் இறந்தார். மகன் பொறுப்பேற்றுக்கொண்டான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான், அப்பா கட்ட வேண்டிய பாக்கி இருக்கிறது என்றார், உனக்குப் புதிய ஆணை வரவில்லை என்றார். மகனோ, பாதுஷா என் அப்பாவுக்குக் கொடுத்தது எனக்கும் செல்லும் என்றான். பேசித் தீர்த்திருக்கக்கூடிய விவகாரம். 1714 அக்டோபர் 3ஆம் தேதி சண்டையில் முடிந்தது. அவனிடம் சில நூறு பேர். நவாபிடம் பல ஆயிரம் பேர். அவன் ஆண்டது சுமார் பத்து மாதம். வயது 22.

கதைப்பாட்டில் அவன் டெல்லிக்குப் போய் யாராலும் ஏற முடியாத குதிரையில் ஏறி அடக்கிய சிறுவன். சின்ன வயதில் தெருக்கூத்தில் அந்தக் கட்டம் வரும்போது விடிய விடியக் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்போம். இன்றைய கணக்கில் அவன் ஒரு விளையாட்டு வீரன்தான். குதிரையேற்றம், வாள்வீச்சு, பயமே தெரியாத மனசு. வெள்ளம் புரண்ட ஆற்றில் குதிரையை இறக்கினான் என்பார்கள். அவன் நண்பன் மகமத்கான் தன் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து நேரே சண்டைக்கு வந்தான் என்பார்கள்.

இதில் எங்கள் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. சிங்கவரம் ரங்கநாதர் அவனுக்குக் குலதெய்வம் போல. பாறையைக் குடைந்து செதுக்கிய பெருமாள், பள்ளிகொண்ட கோலம். சண்டைக்குப் புறப்படும் முன் உத்தரவு கேட்க அவன் மலையேறி வந்தானாம். இன்றைக்கு வேண்டாம் என்றாராம் பெருமாள். அவன் கேட்கவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் கோயிலில் இதைத்தான் முதலில் சொல்வோம். நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் பெருமையாக.

அந்தக் கதை என்ன சொல்கிறது என்று யோசித்ததே இல்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு சாமி இருந்தது. மனிதர் ஒருவரும் இல்லை. 22 வயதுப் பையனைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அவன் வீரத்தை மெச்சுகிறவர்கள், இல்லாவிட்டால் அவனோடு சாகத் தயாராக இருந்தவர்கள். "கொஞ்சம் பொறு, ஆறு வடியட்டும், ஆள் சேரட்டும்" என்று சொல்லி அவன் கேட்கும்படியான ஒரு பெரியவர் பக்கத்தில் இல்லை. செட்டிகுளத்தங்கரையில் அவனுக்குச் சிதை மூட்டினார்கள். அவன் ராணியும் உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் உண்டாக்கியதுதான் ராணிப்பேட்டை என்பது வழக்கு. இந்தக் கதையைத்தான் நான் பிள்ளைகளுக்கு மன உறுதிப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன்.

இதே கோட்டையில் அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னால் வேறொரு இளைஞன் இருந்தான். சிவாஜியின் மகன் ராஜாராம். 1690இல் முகலாயப் படை சுல்பிகர் கான் தலைமையில் வந்து வளைத்தபோது அவனுக்கும் இருபது, இருபத்தொன்றுதான். முற்றுகை விட்டு விட்டு ஏறக்குறைய எட்டு வருடம் நடந்தது. கோட்டை எப்படித் தாங்கியது? ராஜகிரி மேல் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே தண்ணீர் உண்டு. களஞ்சியங்கள் உண்டு, இன்றும் அந்தக் கூடத்துக்குள் நின்று குரல் கொடுத்தால் எதிரொலி கேட்கும். உச்சிக்கு முன்னால் பிளவின் மேல் ஒரு பாலம், எடுத்துவிட்டால் மேலே வர வழி கிடையாது. நெல்லும் தண்ணீரும் பொறுமையும்தான் எட்டு வருடம் நின்றன. 1698இல் கோட்டை விழுவதற்கு முன்பே ராஜாராம் தப்பித்து வேலூர் வழியாகத் தன் நாட்டுக்குப் போய், மறுபடியும் சண்டையைத் தொடர்ந்தான். அவனைப் பற்றி நம் ஊரில் கூத்து கிடையாது. தப்பித்தவனுக்கு யார் கூத்துக் கட்டுவார்கள்?

2025இல் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை சேர்ந்த பிறகு வருகிற கூட்டமும் குளத்தைத்தான் படம் எடுக்கிறது, களஞ்சியத்தை எட்டிப் பார்ப்பதோடு சரி. அது போகட்டும்.

விளையாட்டுக்கு வருகிறேன். மன உறுதி என்றதும் எங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவு வருகிற ஆள் ராமநாதன் கிருஷ்ணன். 1966, கல்கத்தா. டேவிஸ் கோப்பையில் பிரேசிலோடு கடைசி ஆட்டம், ஜெயித்தால் இந்தியா இறுதிச் சுற்றுக்குப் போகும். எதிரே தாமஸ் கோக். இரண்டு செட் கோக்குக்கு, ஒன்று கிருஷ்ணனுக்கு. நான்காவது செட்டில் 2-5 என்று கிருஷ்ணன் பின்தங்கிவிட்டார். இன்னும் ஒரு கேம் போனால் முடிந்தது. அங்கிருந்து 7-5 என்று எடுத்து, ஐந்தாவது செட்டை 6-2 என்று முடித்தார். எனக்கு அப்போது 11 வயது. என் அண்ணன் பேப்பரை வைத்துக்கொண்டு டீக்கடையில் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். டென்னிஸ் மட்டையைக்கூட நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கிருஷ்ணன் வெறியோடு பாய்ந்து ஜெயிக்கிற ஆள் இல்லை. மென்மையான ஆட்டம், பெரிய சர்வீஸ் கிடையாது. சிறுவயதிலிருந்து அப்பா டி.கே. ராமநாதனிடமே பழகியவர். 2-5 ஆனபோதும் அதே பந்தை அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இதெல்லாம் பிறவிக் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பழக்கிக் கொடுக்க முடியும் என்று வெளிநாட்டில் வெகுகாலம் முன்பே யோசித்திருக்கிறார்கள். 1920இல் சென்னையில் ஹாரி பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கிருந்து வந்தவர்கள்தான் நம் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் விசிலைக் கொண்டுவந்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 1925இல், அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிஃபித் என்பவர் விளையாட்டு வீரர்களின் மனசை ஆராய ஒரு ஆய்வுக்கூடம் வைத்தார். 1938இல் ஒரு பேஸ்பால் அணி அவரை வேலைக்கு வைத்துக்கொண்டது. அணி மேலாளர்கள் அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அந்த மேலாளர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என்னிடம் வந்து யாராவது மனசைப் பற்றிப் பாடம் எடுத்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் சிரிப்பு நின்றது 2022 ஆகஸ்ட்டில். மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது நினைவிருக்கும். 186 நாட்டுக்காரர்கள் வந்தார்கள். இந்தியாவின் இரண்டாவது அணியில் முதல் பலகையில் குகேஷ், 16 வயது. முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்தான். எட்டாவதில் தோற்றது அமெரிக்காவின் கருவானா. ஒன்பதாவது டிரா. பத்தாவது ஆட்டம் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தரோவோடு. குகேஷ் கை ஓங்கியிருந்தது. டிராவுக்கு ஒத்துக்கொள்ளாமல் ஜெயிக்கவே ஆடினான். கடிகாரத்தில் நேரம் கரைந்தது. ஒரு தப்பான நகர்த்தல், ஆட்டமே தலைகீழாகிவிட்டது. அந்தத் தோல்வியோடு அணியின் தங்கமும் போயிற்று. உஸ்பெகிஸ்தான் தங்கம், நம் பிள்ளைகளுக்கு வெண்கலம்.

ஆட்டம் முடிந்த பிறகும் அவன் பலகைக்கு முன்னால் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்தேன். எனக்குக் கடலூர் பஸ் ஞாபகம் வந்துவிட்டது. மறுநாள் கடைசிச் சுற்றுக்கு அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்தான், டிரா செய்தான். 11 ஆட்டத்தில் 9 புள்ளி, முதல் பலகைக்கான தனிநபர் தங்கம் அவனுக்கு. ஆனால் எனக்கு அந்தத் தங்கம் பெரிதாகத் தோன்றவில்லை. மறுநாள் வந்து உட்கார்ந்ததுதான் தோன்றியது. எது அவனை வரவைத்தது?

தேடிப் படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. அவனைத் தனியாக விடவில்லை. அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர், மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தன் தொழிலையே நிறுத்தி வைத்தவர். அம்மாவின் சம்பளத்தில் வீடு நடந்தது. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, பையன் 2500 தரப்புள்ளியைத் தொடும் வரைக்கும் கம்ப்யூட்டர் செஸ் நிரலைத் தொட விடவில்லை. இந்தக் காலத்தில் இது ஆச்சரியமான காரியம். கம்ப்யூட்டர் சரியான விடையை உடனே சொல்லிவிடும். அது இல்லாவிட்டால் விடை தெரியாமல், பயத்தோடு, தன் கணக்கையே நம்பி உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும். 2019இல், 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனான். உலகிலேயே இளையவன் என்ற சாதனை 17 நாளில் தவறியது.

2024 ஏப்ரலில் டொராண்டோவில் கேண்டிடேட்ஸ் போட்டி. ஏழாவது சுற்றில் ஃபிரோஜாவிடம் மறுபடியும் கடிகார நெருக்கடியில் தோற்றான். அடுத்த நாள் ஓய்வு நாள். போட்டியை ஜெயித்த பிறகு குகேஷ் சொன்னது விசித்திரம். ஜெயிக்க முடியும் என்று தனக்குத் தோன்றியது அந்தத் தோல்விக்கு மறுநாள்தான் என்றான். அந்தத் தோல்வியே தனக்குத் தெம்பு கொடுத்ததாகச் சொன்னான். 17 வயதில் இதைச் சொல்ல வேண்டுமென்றால் முன்பே ஒரு மாமல்லபுரம் வேண்டும் என்று நினைக்கிறேன்.

நவம்பரில் சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கு டிங் லிரனோடு 14 ஆட்டம். முதல் ஆட்டத்திலேயே, வெள்ளைக் காய்களோடு, குகேஷ் தோற்றான். அப்போது ஆனந்தைப் பார்த்திருக்கிறான். ஆனந்த் சொன்னது இவ்வளவுதான்: எனக்கு 11 ஆட்டம்தான் பாக்கி இருந்தது, உனக்கு 13 இருக்கிறது.

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 2010 ஏப்ரலில் ஆனந்த் பல்கேரியாவின் சோஃபியாவில் டோபலோவை எதிர்த்துப் பட்டத்தைக் காக்கப் போக வேண்டும். ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்துச் சாம்பல் பரவி ஐரோப்பா முழுக்க விமானங்கள் நின்றுவிட்டன. ஃபிராங்க்ஃபர்ட்டில் மாட்டிக்கொண்டார். மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்டார், ஒரு நாள்தான் கிடைத்தது. வேனில் சுமார் 40 மணி நேரம் போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் தோல்வி. 12 ஆட்டப் போட்டி, பாக்கி 11. இரண்டாவதை ஜெயித்தார். கடைசி ஆட்டத்தைக் கறுப்புக் காய்களோடு ஜெயித்துப் பட்டத்தைக் காத்தார். 14 வருடம் கழித்து அந்த அனுபவத்தை ஒரு வரியாகச் சுருக்கி ஒரு பையன் கையில் கொடுத்திருக்கிறார். "கவலைப்படாதே" என்று சொல்லவில்லை, "தைரியமாக இரு" என்று சொல்லவில்லை. எண்ணிக்கை சொன்னார். நானும் தோற்றேன் என்றும் சொன்னார். 33 வருடத்தில் ஒரு முறையாவது நான் ஒரு பிள்ளையிடம் "நானும் தோத்திருக்கேன்டா" என்று சொல்லியிருக்கிறேனா?

குகேஷோடு பேடி அப்டன் என்ற மனப் பயிற்சியாளரும் இருந்தார். 2011இல் நம் கிரிக்கெட் அணி உலகக் கோப்பை வென்றபோது கூட இருந்தவர் இவர்தான். பெரிய போட்டி வந்துவிட்டது, பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைப்பதுதான் தப்பு, வழக்கமாகச் செய்வதையே செய்தால் போதும் என்பது அவர் பேச்சின் சாரம். நான் போட்டி நாளன்று பிள்ளைகளுக்குச் செய்ததற்கு நேர் எதிர். 12ஆவது ஆட்டத்தில் குகேஷ் மறுபடியும் மோசமாகத் தோற்றான், கணக்கு சமமானது. 14ஆவது ஆட்டம், டிசம்பர் 12. கறுப்புக் காய்கள். எல்லாரும் டிரா என்று எழுதிவிட்ட நிலையை விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தான். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தப்பான இடத்தில் வைத்தார். முடிந்தது. 18 வயதில் உலகச் சாம்பியன். அழுதுகொண்டே காய்களை எல்லாம் எடுத்து ஆட்டம் தொடங்கும் இடத்தில் ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தான். அதற்குப் பிறகும் எத்தனையோ ஆட்டம் தோற்றிருக்கிறான், தோற்றுக்கொண்டுதான் இருப்பான்.

செஸ்ஸை விளையாட்டில் சேர்க்கலாமா என்று நம் நண்பர் ஒருவர் கட்டாயம் கேட்பார். ஓட்டத்திலேயே ஓர் ஆள் சொல்கிறேன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி. 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவருக்கே டிவி செய்தியில்தான் அது தெரிந்ததாம். செங்கல் சூளையில் வேலை செய்த குடும்பத்துப் பெண், அவரைவிட உறுதியான மனசு எங்கே இருக்கும்? அந்த மனசும் உடையத்தான் செய்தது, ஏனென்றால் அன்றைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள் விலகிக்கொண்டார்கள். பிறகு அவரே பயிற்சியாளராகி அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்தார். சேலம் பக்கம் பெரியவடகம்பட்டி மாரியப்பனுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அவரிடம் உயரம் தாண்டும் திறமை இருக்கிறது என்று கண்டுபிடித்தது பள்ளியில் இருந்த ஒரு பி.டி. வாத்தியார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர், தங்கம். அடுத்த இரண்டு பாராலிம்பிக்கிலும் பதக்கம். அந்த வாத்தியாரை நினைத்தால் எனக்குப் பெருமையாகவும் இருக்கும், கூச்சமாகவும் இருக்கும்.

தேசிங்குக்கு நேர் மாறாக ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக், உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது. காற்றில் சுழலும்போது தன் உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத நிலை வந்துவிட்டது அவருக்கு. தலைகீழாக விழுந்தால் கழுத்து முறியும். ஒரு தாண்டலோடு அணிப் போட்டியிலிருந்து விலகினார். கோழை என்று எழுதினார்கள். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன், ஒப்புக்கொள்கிறேன். 2024இல் பாரிஸுக்கு 27 வயதில் வந்து மூன்று தங்கம், ஒரு வெள்ளி. ஆற்றில் வெள்ளம் வடியும் வரை காத்திருந்தவர்.

கடலூர் போன பையனை ஆறேழு வருடத்துக்கு முன்னால் பார்த்தேன். திண்டிவனம் ரோட்டில் என் வண்டி பஞ்சர். ஒட்டிக்கொடுத்த ஆளுக்கு ஐம்பது வயதிருக்கும். "சார், என்னைத் தெரியலையா?" என்றான். தெரிந்தது. ஸ்டூல் போட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான். ரொம்ப நேரம் கழித்து, அன்றைக்கு பஸ்ஸில் நான் பேசியது தப்பு என்றேன். அவன் டயரைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீங்க திட்டுனது எனக்கு ஞாபகமே இல்ல சார். விழுப்புரத்துல எல்லாரும் எறங்கி டீ குடிச்சீங்க. திரும்ப ஏறுனப்ப என் பக்கத்துல ஒருத்தரும் உக்காரல. செஞ்சி வரைக்கும். அதான் ஞாபகம் இருக்கு."

பேத்தியிடம் அன்றைக்கு நான் ஒன்றும் பேசவில்லை. திண்ணையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தேன். அவளும் கொஞ்ச நேரத்தில் உரிக்க ஆரம்பித்தாள். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள், "முதல் சுத்து எத்தனை செகண்ட் ஓடுன, யாராச்சும் பாத்தாங்களா?" என்று கேட்டேன். 72 என்றாள். மொத்தம் 2 நிமிடம் 44. அப்படியானால் இரண்டாவது சுற்று 92. என் வயிற்றில் சுருக்கென்றது. இதில் மனசு எங்கே வந்தது? இருபது வினாடி வித்தியாசம், எந்தக் காலாலும் தாங்க முடியாது. முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் கடைசி வளைவில் தொடை கல்லாகிவிடும். யாரோ அவளிடமும் ஆரம்பத்திலேயே பாய்ந்துவிடு என்று சொல்லியிருக்கிறார்கள். 1986இல் நான் சொன்னதும் அதுதான். அந்தப் பையன் கோழையாக இருந்ததால் தோற்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டதால் தோற்றான்.

"80, 80ன்னு ஓடிப் பாக்கலாமா? மொத்தம் 2.40 வரும்" என்றேன். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். திண்ணைக்கு அடியிலிருந்து ஷூவை எடுத்துத் தட்டினாள்.

இப்போது காலை ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போகிறோம். விசில் இல்லை. ஒரு கடிகாரம் மட்டும். முதல் சுற்றில் மற்றவர்கள் முந்திப் போகும்போது பேசாமல் பின்னால் ஓடுவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதற்காகப் பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, வேண்டுமென்றே அவளுக்கு முன்னால் வேகமாக ஓடச் சொல்லியிருக்கிறேன். முதல் வாரம் மூன்று முறை துரத்திக்கொண்டு போய் மூச்சு முட்டி நின்றாள். போன செவ்வாய்க்கிழமை அவர்களை விட்டுவிட்டாள். 81, 82.

வருகிற சனிக்கிழமை விழுப்புரத்தில் போட்டி. "நீங்களும் வாங்க தாத்தா. ஆனா ஓடுறதுக்கு முன்னாடி ஒண்ணும் பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். சரி என்றிருக்கிறேன். காலை ஆறு மணி பஸ். திரும்பி வரும்போது ஜன்னல் சீட் அவளுக்கு, பக்கத்து சீட் எனக்கு என்று அதுவும் இப்போதே பேசி வைத்துவிட்டோம்.